நுரை அடங்குமுன் அடைத்த போத்தல்கள்

பியரைப் பற்றி என்னிடம் யாரும் நல்லதாகப் பேச வேண்டாம். ஜேர்மனியில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது கோயிலுக்குள் நின்று சாமியைத் திட்டுவதுபோல என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். அந்த மணம் மூக்கில் பட்டாலே எனக்கு வயிறு எரியும். குடித்ததால் வந்த எரிவு இல்லை. ஒரு சொட்டுக்கூட என் நாக்கில் பட்டதில்லை. எங்களுக்கென்று வரவிருந்த ஒரு வீட்டைப் பியர்தான் கொண்டுபோனது. அதுவும் கடையில் வாங்கிய பியர் இல்லை. என் அறையில், என் பிள்ளை படுக்கிற இடத்தில், ஒரு பிளாஸ்ரிக் வாளியில் நாங்களே புளிக்கவைத்த பியர்.

எண்பத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலம். ஹம் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதையோரமாக இருந்த ஒரு பழைய கட்டடத்தில் எங்களை வைத்திருந்தார்கள். ஹைம் என்று சொல்வார்கள், அகதிகளை வைத்திருக்கிற விடுதி. முன்பு சுரங்கத் தொழிலாளர் தங்கிய இடமாம். எங்களுக்குக் கிடைத்தது வடக்குப் பார்த்த அறை. நான், இவர், மூன்று வயது மகள். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இனிப் பழகப் போவதும் இல்லை.

அந்த அறையின் சுவர் அழும். நான் மிகையாகச் சொல்லவில்லை, காலையில் கையை வைத்தால் உள்ளங்கை நனையும். கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவுவேன், அடுத்த கிழமை திரும்ப வந்து நிற்கும். பிள்ளைக்கு இழுப்பு. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறொரு சத்தம். வைத்தியர் மருந்து எழுதித் தந்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “இந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது காய்ந்த சுவர்.” நான் என்ன, சுவரை மருந்துக்கடையிலா வாங்குவது?

பக்கத்து அறையில் ஒரு குடும்பம் இருந்தது. அந்த அண்ணையும் அவருடைய மனைவியும் இரண்டு ஆண்பிள்ளைகளும். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர்கள். அவர்களுடைய அறை மூலையில் இருந்தது, அங்கே வெயில் விழும், சுவர் கல்லுப்போலக் காய்ந்திருக்கும். அண்ணைக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை. யாருக்கு விசா கிடைத்தது, யாரைத் திருப்பி அனுப்பினான், எந்தக் கடையில் பழைய பாண் இனாமாகத் தருவான், எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அப்படித்தான் ஒருநாள் வந்து சொன்னார். ஊருக்குள் ஒரு கிழவி, புருசன் செத்துத் தனியே இருக்கிறவள், தன்னுடைய மேல்மாடியை ஒரு அகதிக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாளாம். இரண்டு அறை, தனிக் குசினி. எந்தக் குடும்பம் என்று முடிவு செய்வது நகரசபை அலுவலகம். ஆனால் அவர்கள் கேட்பது எங்கள் ஹைமைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டரிடம்தான்.

“எல்லாம் அந்தக் கிழவன்ர சொல்லிலதான் கிடக்கு, தம்பி,” என்றார் இவரிடம். “நாங்கள் பெரிய ஆக்கள், எங்களுக்குத் தேவையில்லை. உங்களுக்குத்தான் பிள்ளை ஏலாமல் கிடக்குது. நீங்கள் போய்ப் பிடியுங்கோ.”

அதை அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அப்போது அப்படித்தான் சொன்னார்.

எனக்கு அன்று முழுக்க வேறு நினைவே இல்லை. காய்ந்த சுவர். காய்ந்த சுவர். வேறு என்னத்தைக் கேட்டேன் நான் இந்த நாட்டிடம்?

சரி, போய்ப் பிடிப்பது எப்படி? ஊரில் விதானையாரிடம் ஒரு கையெழுத்துக்குப் போவதென்றாலும் ஒரு சீப்பு வாழைப்பழமாவது கையில் இருக்கும். பெரிய அலுவல் என்றால் போத்தல். வெறுங்கையோடு ஒருவன் வாசலில் நின்றால், இவனுக்கு அவசரமில்லை என்று நினைப்பார்கள். இதை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை, மூச்சு விடுவதுபோல வந்த பழக்கம். எனக்கும்தான். “ஏதாவது குடுக்கத்தானே வேணும்” என்று முதலில் வாய் திறந்தது நானாகக்கூட இருக்கலாம்.

“ஜேர்மன்காரனுக்கு வாழைக்குலையோ குடுக்கிறது? பியர்தான்,” என்று அண்ணை தீர்ப்புச் சொன்னார்.

பியர் குடிநீர்போல ஓடுகிற நாட்டில் ஒரு போத்தல் பியர் வாங்க எங்களுக்கு வழியில்லை. சாப்பாட்டுக்குக் கையில் காசு தராமல் கூப்பன் துண்டு தருவார்கள். அந்தத் துண்டுக்கு அரிசி வாங்கலாம், சீனி வாங்கலாம், மா வாங்கலாம். சாராயம், பியர், சிகரெட் கிடையாது. இது தெரியாமல் இவர் கடையில் இரண்டு போத்தலைத் தூக்கி வைத்துவிட்டார். காசாளர் பெண் அதை இரண்டு விரலால் பிடித்து ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு பின்னால் நின்ற சனத்துக்கும் கேட்கிற மாதிரி, “இவர்களுக்கு இது இல்லை” என்றாள். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையை நடத்தின மனிதர் இவர். அரைக் கொத்து அரிசிக்குக் காசில்லாமல் வந்தவர்களைக்கூட முகம் கோணாமல் அனுப்பினவர்.

அந்தக் கிழமைதான் அந்தச் சனியன் வந்தது. தேவாலயத்துப் பெண் ஒருத்தி மாதாமாதம் பழைய உடுப்புகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குவாள். குளிர்ச்சட்டைகளுக்குக் கீழே ஒரு பெரிய அட்டைப்பெட்டி, மேலே நுரை தளும்புகிற கிளாசின் படம். யாரோ யாருக்கோ பிறந்தநாளுக்குக் கொடுத்து, வாங்கினவர் திறந்தும் பார்க்காமல் அகதிக்கு என்று தள்ளிவிட்ட சாமான். வீட்டிலேயே பியர் செய்கிற பெட்டி! உள்ளே மூடியுள்ள வாளி, தகரப் பேணியில் பாகுபோலக் கறுப்புப் பாணி, ஒரு சின்னப் பைக்கற்றில் ஈஸ்ட், மூடியில் செருகுகிற வளைந்த குழாய், செய்முறைத் தாள்.

அண்ணை அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். “கடவுள் கண் திறந்திட்டார், தங்கச்சி! சீனி மட்டும்தான் வாங்கவேணும். சீனிக்குத் துண்டு செல்லும்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கடைக்காரி தள்ளி வைத்த பியரை நாங்களே செய்து அவர்களுக்கே கொடுக்கப் போகிறோம் என்று நினைக்க ஒரு கொழுப்புச் சந்தோசம். பொய் சொல்ல மாட்டேன்.

பேணியைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி வாளியில் ஊற்றினார்கள். தேன்போல இழுபட்டு விழுந்தது. நான் ஒரு விரலில் தொட்டு மணந்து பார்த்தேன். வேப்பம்பூவும் கருகிய பாணும் கலந்த மாதிரி ஒரு கசப்பு மணம். சீனி போட்டு, கொதிதண்ணீர் விட்டுக் கலக்கி, பச்சைத் தண்ணீர் விட்டு நிரப்பி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஈஸ்டைத் தூவி மூடினார்கள். குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளே புளிக்கப் புளிக்கக் காற்று அந்தத் தண்ணீருக்குள்ளால் குமிழியாக வெளியே வரும்.

எல்லாம் சரி, வாளியை எங்கே வைப்பது? அதற்குக் குளிர் படக்கூடாதாம். எங்கள் அறையில் குளிர் படாத இடம் ஒன்றுதான் இருந்தது. சூடாக்கிக்குப் பக்கத்து மூலை. அங்கேதான் பிள்ளையின் கட்டில். அண்ணையின் அறையில் இடமில்லை என்றார்கள், ஆண்பிள்ளைகள் வாளியைத் தட்டிக் கொட்டிவிடுவார்களாம். அதனால் பிள்ளையின் கட்டிலை ஈரச்சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, வாளியைச் சூட்டில் வைத்தார்கள்.

“இஞ்சருங்கோ, பிள்ளைக்கு இழுக்குது. அவளை அந்தச் சுவரோட படுக்கவிடேலாது,” என்றேன்.

“கொஞ்ச நாள்தானே. உவள்ட வீட்டுக்காகத்தானே உதெல்லாம்,” என்றார் இவர்.

அதற்கு நான் என்ன சொல்ல? பிள்ளையை என் கட்டிலில் போட்டு, நான் சுவர்ப்பக்கம் படுத்தேன். என் முதுகு நனைந்தாலும் பரவாயில்லை. அவளுக்கு அந்த வாளி பெரிய விளையாட்டு. குளுக், குளுக் என்று குமிழி விடுகிறபோதெல்லாம், “அம்மா, வாளி கதைக்குது” என்பாள்.

செய்முறைத் தாளை வாசித்தவள் நான். ஊரில் உயர்தரம் வரை படித்தவள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகத் தேடி வாசித்தேன். தடித்த எழுத்தில் போட்டிருந்தான்: குமிழி வருவது முற்றாக நிற்கும்வரை பொறுக்கவும். அதன் பிறகே போத்தலில் அடைக்கவும். ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு தேக்கரண்டி சீனி, அதற்கு மேல் வேண்டாம். சில நாள் சூட்டில், பிறகு சில கிழமை குளிரில் வைத்துப் பழுக்க விடவும்.

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். “பழுக்க விடுறதோ? உதென்ன, மாம்பழமோ?”

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வாளிக்குள் நுரை மூடியை முட்டிக்கொண்டு நின்றது. அண்ணை மூடியைத் திறந்து பார்த்து, “இதுதான் பதம். இண்டைக்கே போத்தல்ல விடவேணும்,” என்றார்.

“அண்ணை, குமிழி நிக்கவேணும் எண்டு போட்டிருக்கு.”

“நுரை அடங்கினால் சரக்குச் செத்துப்போச்சு, தங்கச்சி. விடியக் கள்ளு இறக்கினால் பொங்கிக்கொண்டு நிக்கும். பின்னேரம் பார், நுரை இராது, வாயில வைக்கேலாது, காடி. பொங்கேக்கதான் பிடிக்கவேணும். தவறணையில நிண்டு பிளாவில குடிச்ச எங்களுக்கு உந்தத் தாளோ படிப்பிக்கிறது?”

பனங்கள்ளுக்கு அது சரி. அவர் சொன்னதில் பிழையில்லை. பனையில் ஏறின ஒருவனைக் கேட்டிருந்தால், கள்ளு வேறு, இது வேறு, கொஞ்சம் பொறு என்று சொல்லியிருப்பானோ என்னவோ. கள்ளு இறக்குகிறவனைப் படலைக்கு வெளியே நிறுத்திவைத்துப் பேசிய மனிதர் அண்ணை. கள்ளைப் பற்றிய அறிவு முழுக்கத் தன்னுடையது என்று நின்றார். நான் தாளைத் தூக்கிக் காட்டினேன். அவர் இவரைப் பார்த்துக் கண்ணடித்து, “அறப்படிச்ச மூஞ்சூறு கழுநீர்ப் பானைக்குள்ள விழுந்ததாம்,” என்றார்.

இவரும் சிரித்தார். “சும்மா இரும். அண்ணைக்குத் தெரியும்.” அலுவலகம் திங்கட்கிழமை முடிவு சொல்லப்போகிறது என்று அண்ணை கேள்விப்பட்டு வந்திருந்தார். குமிழி நிற்கும்வரை, பிறகு பழுக்கும்வரை பொறுத்திருந்தால் வீடு போய்விடும். அந்தப் பயமும் இவருக்கு.

அடைத்தார்கள். கம்பிக் கொளுக்கியும் ரப்பர் வளையமும் உள்ள பழைய பியர்ப் போத்தல்கள் கொஞ்சம். மிச்சத்துக்குச் சோடாப் போத்தல்கள். சீனிக்குத் தேக்கரண்டி எங்கே? அண்ணை சோற்றுக்கரண்டியால் அள்ளிப் போட்டார். “இனிச்சால்தான் ஏறும், தம்பி.”

வெள்ளிக்கிழமை இவர் தலை வாரி, தேவாலயத்துப் பெட்டியில் வந்த கோட்டைப் போட்டுக்கொண்டு, நாலு போத்தலைத் தூக்கிக்கொண்டு, பொதுக் குசினிக்குப் பக்கத்தில் இருந்த ஹவுஸ்மைஸ்டரின் அறைக்குக் கிளம்பினார். மொழிக்கு நான். என் இடுப்பில் பிள்ளை. நத்தார்ப் பண்டிகைக்கு வந்த மினுங்கல் தாளில் போத்தல்களைச் சுற்றிக் கட்டினது நான்தான்.

ஹவுஸ்மைஸ்டர் என்கிறவர் பெரிய உடம்பும் வெள்ளை மீசையுமாக ஒரு கிழவர். சிரித்து நான் கண்டதில்லை. இடுப்பில் எல்லா அறைகளுக்குமான திறப்புக்கொத்து, போகிற வழியெல்லாம் கிணுகிணுக்கும். தாளைப் பிரித்துப் பார்த்தார். ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார்.

“நீங்களா செய்தீர்கள்?”

“ஆம்,” என்றேன்.

“இது இன்னும் இளசு. கொஞ்ச நாள் இருக்கட்டும்,” என்று சொல்லி, சூடாக்கிக்கு மேலே இருந்த தட்டில் நாலையும் வரிசையாக வைத்தார். சூடாக்கி கணகணவென்று இருந்தது. எனக்கு அந்த இடம் சரியாகப் படவில்லை. ஆனால் கொடுத்த பொருளை எங்கே வைக்கிறாய் என்று யாரைப் போய்க் கேட்பது?

இவர் என் முழங்கையை இடித்தார். “வீட்டைக் கேளும், வீட்டைக் கேளும்.”

கேட்டேன். கிழவர் என்னைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்து இருமிய பிள்ளையைப் பார்த்தார். மீசைக்குள்ளே ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. “திங்கட்கிழமை வாருங்கள்,” என்றார்.

வெளியே வந்ததும் இவருக்குக் கால் நிலத்தில் படவில்லை. “பாத்தீரோ? வேலை செய்யுது!” அண்ணை ஓடிவந்து இவருடைய முதுகில் அடித்தார். “பணம் பாதாளம் மட்டும் பாயுமாம். பியர் அதுக்குக் கீழேயும் பாயும்!” நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பொதுக் குசினியில் நாலைந்து குடும்பம் சமைத்துக்கொண்டு நின்றோம். பருப்பு அடுப்பில். படார் என்று ஒரு சத்தம், கண்ணாடி நொறுங்குகிற சத்தம், அதன் பின்னால் இன்னொரு படார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் நிலத்தில். அகப்பையோடு ஒருத்தி, கையில் வெங்காயத்தோடு ஒருவர். நான் பிள்ளையைக் கீழே போட்டு அவள்மேல் கவிழ்ந்து கிடந்தேன். என் வாய் “முருகா முருகா” என்றது. எந்த நாட்டில் கிடக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. மூன்றாவதும் வெடித்தது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து தீய்ந்தது, எழுந்துபோய் அணைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

முதலில் மூக்குத்தான் கண்டுபிடித்தது. கருகிய பருப்பு மணத்துக்கு மேலே அந்தக் கசப்பு மணம். இவர் நிலத்தில் கிடந்தபடியே தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அதற்குள் அக்கம்பக்கத்து ஜேர்மன்காரர் பொலிசுக்கு ரெலிபோன் அடித்துவிட்டார்கள். அகதிகள் இருக்கிற இடத்தில் குண்டுச் சத்தம் என்றால் விடுவார்களா? நாயோடு வந்தார்கள். கட்டடத்தில் இருந்த அத்தனை பேரையும் முற்றத்தில், பனிக்குள் நிறுத்தினார்கள். உள்ளே போய்க் குளிர்ச்சட்டை எடுக்க விடவில்லை. என் பிள்ளை வீட்டுச் சட்டையோடு. நான் என் கம்பளிச் சால்வையால் சுற்றினேன். அவளுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது.

ஹவுஸ்மைஸ்டரைக் கூப்பிட்டு அவருடைய அறையைத் திறந்தார்கள். சுவரெல்லாம் பியர், மேசையெல்லாம் கண்ணாடி, கதிரையின் சாய்மானத்தில் ஒரு துண்டு கத்திபோலக் குத்தி நின்றதாம். கிழவர் அதில் இருந்திருந்தால்! மிச்சப் போத்தல்கள் எங்கள் அலுமாரியில் இருந்தன. பொலிஸ்காரன் கையுறை போட்டுக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கொளுக்கியைத் தட்டினான். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குச் சீறியது. இளவயதுப் பொலிஸ்காரன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை.

“யார் செய்தது?”

நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. இவர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைமாதிரி. பிறகு திரும்பி அண்ணையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணை தன்னுடைய சப்பாத்தில் ஒட்டிய பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உலகத்துச் செய்தியெல்லாம் தெரிந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

நான் வாயைத் திறந்தேன். இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். “விடும். அந்தாள் பிள்ளைகுட்டிக்காரன்.”

பிள்ளைகுட்டிக்காரனாம்! அப்போ நாங்கள் என்ன, பூனையா வளர்த்தோம்? என் தோளில் கிடந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது என்ன? அன்றிரவு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதே வைத்தியர், அதே சொல்.

திங்கட்கிழமை எங்களை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கிழமை முடிகிறபோது ஹவுஸ்மைஸ்டர் வரச்சொன்னார். சுவரைத் துடைத்திருந்தார், ஆனாலும் மஞ்சள் கறை தெரிந்தது. எங்களை இருக்கச் சொன்னார். கோபத்தோடு இருப்பார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கிற வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று சொல் சொல்லாகச் சொன்னார். வீட்டுக்காரக் கிழவிக்குக் கதை எட்டிவிட்டது. ஊர் முழுக்க அதுதான் பேச்சு. குடிவகை காய்ச்சி வெடிக்கவைக்கிற குடும்பத்தைத் தன் தலைக்கு மேலே குடிவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அவர் இரண்டு தரம் போய்ப் பேசிப் பார்த்தாராம். முடியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் மேசையைத் தடவிக்கொண்டு இன்னும் சொன்னார்.

“நான் முதலிலேயே உங்களைத்தான் சொன்னேன். வேறு யாரையும் சொல்லவில்லை. தினமும் காலையில் உங்கள் கதவைத் தாண்டிப் போகிறேன், அந்த இருமல் கேட்கும். எல்லாம் முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை திறப்பைத் தருவதற்கு இருந்தேன்.” பிறகு என்னை நேரே பார்த்தார். “ஏன் எனக்குப் பியர் கொண்டுவந்தீர்கள்?”

அகராதியில் அதற்குச் சொல் இருந்திருந்தாலும் என் நாக்குப் புரண்டிராது.

“என்னவாம்? என்னவாம்?” என்று இவர் என் கையைச் சுரண்டினார்.

நான் மறைக்கவில்லை. மறைக்க எனக்கு மனமும் இல்லை. “நாங்கள் ஒண்டும் குடுக்க முதலே வீட்டை எங்களுக்கெண்டு முடிச்சுப்போட்டாராம். பிள்ளை இருமுறதைக் கேட்டிட்டாராம். பியர் குடுத்திராட்டில் திங்கட்கிழமை திறப்பைத் தந்திருப்பாராம்.”

இவர் கிழவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, ஒன்றும் விளங்காத பார்வை.

“சும்மாவோ?” என்றார். “சும்மா ஆர் தருவினம்?”

பிறகு என்ன, வீடு காலியாகக் கிடக்குமா? கிழவி ஒரு குடும்பத்துக்கு என்று சொன்னவள், அலுவலகம் அடுத்த குடும்பத்தைப் போட்டது. யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? பொலிஸ் வந்தபோது கை தூக்காத குடும்பம். குடிக்காத, காய்ச்சாத, சத்தம்போடாத நல்ல குடும்பம். அண்ணை தானாக ஓடிப்போய்க் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டார். எங்களுக்குத் தேவையில்லை என்று சொன்ன வாய் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

பால் காய்ச்சுகிறோம், வாங்கோ என்று அண்ணையின் மனைவி, அந்த அக்கா, வந்து கதவடியில் நின்று கேட்டாள். அண்ணை வரவில்லை. அவளுடைய கண் நிலத்தில் இருந்தது. நான் போகமாட்டேன் என்றுதான் நினைத்தேன். இவர்தான், “போகாட்டில் நாளைக்கு ஒருத்தரை ஒருத்தர் முகம் பாக்கேலாது, வாரும்,” என்றார். முகத்தைப் பார்த்து ஆகவேண்டியது என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே சப்பாத்தைப் போட்டேன். வேறு யார் இருந்தார்கள் எங்களுக்கு அந்த ஊரில்?

மரப்படி ஏறிப் போனால் வெளிச்சமான அறை. பால் பொங்கியது, எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். அண்ணை பலகாரத் தட்டை இவரிடம் நீட்டினார். இவர் எடுத்தார். என்னிடம் நீட்டினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவராக அடுத்த ஆளிடம் கொண்டுபோனார். யாரும் பார்க்காத நேரமாக எழுந்து போய்ச் சுவரில் கையை வைத்தேன். காய்ந்திருந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை. எனக்கு அழவேண்டும்போல இருந்தது, அழவில்லை. இந்த வீட்டில் என் கண்ணீர் விழ நான் விடமாட்டேன்.

பிள்ளை ஆண்பிள்ளைகளோடு ஓடி ஓடி விளையாடிவிட்டு உள்ளறைக் கம்பளத்தில் படுத்து உறங்கிப்போனாள். பொழுது படுகிற நேரம் தூக்க என்று குனிந்தேன். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சத்தம் இல்லை. வாயை மூடி, மூக்கால், மற்றப் பிள்ளைகளைப்போல மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். கிட்ட முகத்தை வைத்துக் கேட்டேன். இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

அக்கா என் பின்னால் வந்து நின்றாள். “விடும் தங்கச்சி, பிள்ளை நல்ல நித்திரை. இண்டைக்கு இஞ்சை படுக்கட்டும். நான் பாக்கிறன்.”

அவள் முகத்தில் காறித் துப்பவேண்டும்போல ஆத்திரம் வந்தது. உன் புருசன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நீ எங்கே பார்த்துக்கொண்டு நின்றாய் என்று கேட்க வாய் துடித்தது. பிள்ளை ஒரு பக்கம் திரும்பிப் படுத்தாள். சத்தமே இல்லாமல்.

“ஓம் அக்கா, படுக்கட்டும்,” என்றேன்.

நானும் இவரும் மட்டும் நடந்து வந்தோம். இவர் ஏதோ சொல்ல வந்தார். “வாயைத் திறவாதேங்கோ,” என்றேன். அந்த அறையில் ஈரச்சுவரோடு இரண்டு பேரும் படுத்துக் கிடந்தோம்.

காலையில் அவளைக் கூட்டிவரப் போனேன். அக்காவின் மடியில் இருந்து பாணும் பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வழக்கமாக ஓடிவருகிறவள், அன்று ஓடிவரவில்லை. நான் கிட்டப் போய்க் கையை நீட்டினேன். அவள் அக்காவின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து அழத் தொடங்கினாள்.